இழுப்பறை திறக்குமுன்

கிரீச்சென்று ஒரு மேசை இழுப்பறை திறந்த சத்தம். அதை ஒட்டி, முன்னாலோ பின்னாலோ, இரண்டு முழங்கால்கள் சிவப்புச் சிமென்ட் தரையில் விழுந்த சத்தம். கேட்டு முப்பது வருடத்துக்கு மேலாகிறது. கதவுத் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்ட அந்த இரண்டையும் மத்தில்தா இன்று விடிந்ததிலிருந்து மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இழுப்பறை, பிறகு முழங்கால். முழங்கால், பிறகு இழுப்பறை. சோழியைக் குலுக்கிப் போடுவதுபோல எப்படிப் போட்டாலும் ஏதோ ஒன்று விழத்தான் செய்தது. விழுந்ததை நம்பத்தான் முடியவில்லை. ஆயர் இல்லத்தின் நீண்ட தாழ்வாரத்தில், பழைய ஆயர்களின் படங்களுக்குக் கீழே கிடந்த பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். எதிரே மூடிய கதவு. கதவுக்கு அப்பால் வெளி மறைமாவட்டத்திலிருந்து வந்த மூன்று சாமியார்களும், தொட்டுச் சத்தியம் செய்வதற்கு ஒரு வேதாகமமும். அவளுடைய அண்ணன், மறைந்த ஆயர் பெலவேந்திரம் ஆண்டகைக்குப் புனிதர் பட்டம் கேட்டு ரோமாபுரிக்கு அனுப்பப்போகிற விசாரணை அது. ஆண்டகையோடு பிறந்தவர்களில் உயிரோடிருப்பவள் அவள் ஒருத்தி, கடைசிச் சாட்சி. உள்ளே கூப்பிடுவார்கள், குழந்தைப் பருவத்தில் அண்ணனுடைய பக்தி எப்படி என்று கேட்பார்கள், பொறுமை எப்படி, ஏழைகளிடம் இரக்கம் எப்படி என்று கேட்பார்கள், பிறகு அந்தக் கேள்வியையும் கேட்பார்கள். துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருப்பதாகக் காரில் வரும்போது கிளாரன்ஸ் சொன்னான். காற்று இன்னும் வந்திருக்கவில்லை. வராமல் நிற்கிற காற்றுக்கு ஒரு கனம் உண்டு. முற்றத்து வேம்பில் ஓர் இலை அசையவில்லை, காகங்கள் மட்டும் எதையோ தெரிந்துகொண்டதுபோல் தாழ்வாரத்து உத்திரத்துக்கே வந்து உட்கார்ந்துகொண்டு வாய் திறக்காமல் கீழே பார்த்தன.

கிளாரன்ஸ் அவளுடைய தம்பி மகன். தம்பி போய்ச் சேர்ந்தபிறகு அத்தையை ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் கொண்டுபோய் வருகிறவன், நல்ல பிள்ளை, வாய் ஓயாது. பெரியப்பாவுக்குப் பட்டம் வந்துவிட்டால் அத்தை வீட்டு வாசலில் டோக்கன் போட்டுத்தான் ஆள் விடவேண்டியிருக்கும் என்று வழியெல்லாம் கேலி செய்துகொண்டு வந்தான். "புனிதரோட தங்கச்சி கையில ஒரு முத்தம் பண்ணிக்கிடுதோம்னு வந்து நிப்பாக. நீங்க இப்படி மூஞ்சிய வச்சிருந்தா யாரு வருவா?" என்றான். அவள் சிரித்தாள் என்றுதான் நினைத்தாள். கார்க் கண்ணாடியில் பார்த்தால் முகம் அப்படியே இருந்தது. இப்போது அவன் தாழ்வாரத்துக் கோடியில், ஆண்டகையின் நினைவுப் பொருட்களை வைத்திருக்கிற கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்று யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தான். அலமாரியில் அண்ணனுடைய மூக்குக் கண்ணாடி, பக்கவாட்டில் தேய்ந்த செருப்பு, செபமாலை. எல்லாவற்றுக்கும் மேல் தட்டில், மடிப்புக் கலையாமல், அந்த ஊதாத் துகில். பாவசங்கீர்த்தனம் கேட்க உட்காரும் குரு முத்தமிட்டுக் கழுத்தில் போட்டுக்கொள்வது. அது கழுத்தில் விழுந்தபிறகு எதிரே முழங்காலிட்டவர் சொல்வதெல்லாம் கடவுளுக்குச் சொன்னது, கேட்ட குரு தலையை வெட்டினாலும் அதை வெளியே சொல்லக்கூடாது, அதை வைத்து ஒரு காரியமும் செய்யக்கூடாது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். பெஞ்சிலிருந்து பார்க்க அந்த ஊதா கறுப்பாகத் தெரிந்தது. அதைப் பார்க்காமலிருக்கக் கண்ணைத் திருப்பினால் பேராலயத்தின் பக்கவாசல் தெரிந்தது, வாசலுக்குள்ளே அவருடைய கல்லறை. போன மாதம் போனபோது சலவைக்கல்லின் மேல் உப்பும் மிளகும் கிடந்தன. நேர்ச்சை வைத்தவர்கள் அந்தோணியாருக்கும் மிக்கேல் சம்மனசுக்கும் போடுவதுபோல அவருக்கும் போட ஆரம்பித்துவிட்டார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, சனங்கள் தாங்களாகவே செய்கிறார்கள், அதுதான் புனிதத்துக்கு முதல் அடையாளம் என்று பங்குச்சாமி பூரித்துப்போய்ச் சொன்னார். கடற்காற்றில் உப்பு கசிந்து, கல்லில் வெட்டிய அண்ணன் பெயருக்குள் நீராக நின்றது. கல் வேர்ப்பதுபோல இருந்தது. ஒரு பெண், புதுத்தாலி, வயிற்றைத் தொட்டுத் தொட்டுக் கல்லைத் தொட்டாள். அந்தப் பெண்ணிடம் என்ன சொல்ல முடியும்?

என்ன சொல்வது, ஏன் சொல்வது, அவர் நல்லவர் இல்லையா? நல்லவர்தான். அப்பா, பொட்டப்பிள்ளைக்குக் கல்லூரி எதற்கு என்று அவள் பெட்டியைப் பூட்டி வைத்தபோது, குருமடத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அண்ணன் இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்துக்கிடந்து பெட்டியைத் திறக்க வைத்தார். அவள் படித்த ஒவ்வொரு வரியும், வகுப்பில் நின்று அவள் சொல்லிக்கொடுத்த ஒவ்வொரு பாட்டும் அந்தப் பட்டினியில் முளைத்தது. சுனாமி அன்று, எழுபதைத் தாண்டிய ஆள், அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணலில் இறங்கிப் பிணங்களைத் தோளில் சுமந்தார். எந்தச் சாதி எந்த மதம் என்று கேட்காமல் சுமந்தார், ஒரு குழந்தையை மட்டும் கீழே வைக்க மறந்து கோயில்வரை கொண்டுபோய்விட்டார். இதெல்லாம் நடந்தது. இதில் பொய் ஒரு துளி இல்லை. ஒரு மனிதனைத் தராசில் போடுவது எப்படி என்று யாராவது அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் தேவலை. நல்லதையெல்லாம் ஒரு தட்டில் குவித்துவிட்டு, மறுதட்டில் ஒரு சத்தத்தைப் போடுவதா? சத்தத்துக்கு என்ன எடை? அண்ணன் இழுப்பறையைத் திறந்தார், அவ்வளவுதானே. ஆயிரம் தடவை திறந்திருப்பார், மாத்திரை எடுக்க, பேனா எடுக்க. சர்க்கரை வியாதிக்காரர். மனம் இப்படி ஓடி அந்த மேசையின் காலில் இடித்துக்கொண்டு நின்றது. மறுபடியும் கிரீச்.

அண்ணனுக்குக் கீழே குருவாக இருந்த கிரகோரி சாமியைப் பற்றிப் பேச்சு எழுந்ததே அண்ணன் இறந்து வெகுகாலத்துக்குப் பிறகுதான். கடற்கரையை விட்டுத் தள்ளியிருந்த பங்கு ஒன்றில் மாணவர் விடுதி நடத்திய காலத்தில் தங்களைக் கெடுத்தார் என்று இரண்டு ஆண்கள், மீசை நரைக்கத் தொடங்கியவர்கள், பத்திரிகைக்காரர்கள் முன்னால் உட்கார்ந்து சொன்னார்கள். அதில் ஒருவர் சொல்லும்போது சட்டைப் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றினார். ஆண்டகைக்கு இது தெரியுமா, தெரிந்துமா அந்த ஊருக்கு அனுப்பினார் என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. தெரியும் என்று சொல்ல ஒரே ஓர் ஆள் இருந்தாள், மிக்கேலி. மத்தில்தாவின் சொந்தக் கடற்கரை ஊர்க்காரி, மீன் விற்கிறவள், கிரகோரி சாமி முதலில் இருந்த பங்கின் விடுதியில் தன் மகனைச் சேர்த்திருந்தவள். பத்திரிகைக்காரன் வந்து கேட்டபோது அவள் மறைக்கவில்லை. பெருமையாகவே சொன்னாள்: ஆயர் ஆண்டவரிடமே போனேன், அவர் காலடியில் முழங்காலிட்டு முறையாகப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன் என்று. பாவம், அதைவிட உயர்வாக ஒன்றைச் சொல்ல அவளுக்குத் தெரியாது. அவள் வாயால் சொன்ன அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை ஆண்டகை எப்படிச் சொல்வார், எப்படி நடவடிக்கை எடுப்பார், அந்த இரகசியத்தை நெஞ்சில் முள்ளாகச் சுமந்தே செத்தாரே, இதுவல்லவா புனிதம் என்று பங்குப் பத்திரிகையில் எழுதினார்கள். குற்றச்சாட்டே மகுடமாகிவிட்டது. அடுத்த மழைக்காலத்தில் மிக்கேலி இறந்துபோனாள். காது பூட்டியிருந்தது என்றால் கை மட்டும் எப்படி அசைந்தது என்று மத்தில்தாவுக்கு ஒரு நாள் சோறு பிசையும்போது தோன்றியது. ஏனென்றால் மிக்கேலி வந்துபோன மறுமாதமே கிரகோரி சாமிக்கு மாற்றல் வந்தது. மாலை போட்டு, வேட்டுப் போட்டு, ஆண்டகையும் கூட நின்று படம் பிடித்து வழியனுப்பினார்கள். வழக்கமான மாற்றல் என்றார்கள். இருக்கலாம். எல்லாம் இருக்கலாம். பிசைந்த சோற்றை அன்று அவள் கொட்டிவிட்டாள்.

மிக்கேலி வந்தது பெரிய வியாழனுக்கு முந்திய வாரம். மத்தில்தா பாடம் நடத்திய கல்லூரிக்கு விடுமுறை. அண்ணனுக்குப் பிடிக்குமென்று நண்டு வைத்துத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு அவள் இதே ஆயர் இல்லத்துக்குப் புறப்பட்டபோது வீட்டு வாசலில் மிக்கேலி நின்றாள், மீன் கூடை இல்லாமல், வெறுங்கையோடு. கூடை இல்லாத மிக்கேலியைப் பார்ப்பது தலை இல்லாத ஆளைப் பார்ப்பதுபோல இருந்தது. "மைனி, நீங்க சொன்னா ஆண்டவரு கேப்பாரு," என்றாள். "எம்மவன் விடுதியிலேருந்து வந்ததுலேருந்து பாயில உக்காந்தே தூங்குறான் மைனி. செவத்துல முதுக ஒட்டிக்கிட்டு. படுக்க மாட்டேங்கான்." பிறகு மீதியையும் சொன்னாள்; பஸ்ஸில், பின் சீட்டில், மத்தில்தாவின் காதுக்குள். அந்தப் பையன் பெயர் ததேயு. பீடச்சிறுவனாக மணி அடித்துக்கொண்டிருந்தவன். அவனைப் பற்றி நினைக்கப் போனால் மத்தில்தாவின் மனம் சந்தில் நாயைக் கண்டதுபோல் திரும்பி வேறு தெருவில் போய்விடும். இப்போதும் போயிற்று, நண்டு வாசனைக்குப் போயிற்று, தூக்குச்சட்டி மூடி சரியாகப் பொருந்தாமல் பஸ் குலுங்கும்போதெல்லாம் குழம்பு சேலையில் சிந்தியதற்குப் போயிற்று. ஆயர் இல்லத்தில் மிக்கேலியை முன்னறையில் நிறுத்தினார்கள். பிறகு அவள் உள்ளே போனாள். திரை விழுந்தது. மத்தில்தா திரைக்கு இந்தப் பக்கம் நாற்காலியில். இழுப்பறை. முழங்கால். அல்லது முழங்கால், இழுப்பறை. பிறகு மிக்கேலியின் குரல், வார்த்தை தெரியாமல், ஓட்டின் மேல் மழை பெய்வதுபோல நெடுநேரம். வெளியே வந்தபோது அவள் முகம் துடைத்து வைத்த குத்துவிளக்குப்போலத் தெளிந்திருந்தது. பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னாராம். "எம் பாவத்தையும் சொல்லிட்டேன் மைனி. நானேதான அவன விடுதியில கொண்டு விட்டேன்," என்றாள். மன்னிப்புக் கிடைத்த மகிழ்ச்சியில் மத்தில்தாவின் கையைப் பிடித்து முத்தம் பண்ணிவிட்டு, பீடத்துக்கு முன்னால் அந்த மூன்று மந்திரத்தையும் சொல்லிவிட்டு, பஸ் ஏறினாள். அண்ணன் கண் கலங்கித்தான் வந்தார். அது நடிப்பு இல்லை, அவருக்கு நடிக்கத் தெரியாது. ஊதாத் துகிலை மடித்துக்கொண்டே, நண்டு ஆறிப்போச்சா என்று கேட்டார். சாப்பிட்டார். ஓட்டை உடைத்துச் சதையை எடுத்து அவளுடைய தட்டிலும் வைத்தார், சின்ன வயதில் வைப்பதுபோல. கை கழுவும்போதுதான் சொன்னார்: "உள்ள நடந்தது பாவசங்கீர்த்தனம், மத்தில்தா. திரைக்கு அந்தப் பக்கம் உன் காதுல எது விழுந்திருந்தாலும் நீயும் கட்டுப்பட்டவ. அந்தப் பூட்டு எனக்கு மட்டுமில்ல, உனக்குந்தான்." அவள் தலையாட்டினாள். வகுப்பில் நூறு பெண்களை வாயடைக்க வைக்கிறவள், தலையாட்டினாள்.

ஆகவே இப்போது அந்தக் கதவுக்குள் போய் அவள் வாய் திறந்தால் அது பாவம். சாதாரணப் பாவமில்லை. பூட்டை உடைத்தவள் திருச்சபைக்கு வெளியே. நற்கருணை இல்லை, நல்ல மரணம் இல்லை. எழுபத்தைந்து வயதுக்கு மேல் நரகத்தைப் பற்றிப் பயப்படுவது சிறுபிள்ளைத்தனம் என்று அவள் புத்திக்குத் தெரியும். உள்ளங்காலுக்குத் தெரியவில்லை, அது சில்லிட்டிருந்தது. மிக்கேலி தானாக முழங்காலிட்டிருந்தால், பாவசங்கீர்த்தனம் பண்ண வந்திருக்கிறேன் ஆண்டவரே என்று அவளே கேட்டிருந்தால், அண்ணன் இழுப்பறையிலிருந்து துகிலை எடுத்தது கடமை. மறுக்கவே முடியாது. அப்படியானால் அவர் புனிதர், அவள் பேசாமலிருப்பதே முறை. இழுப்பறை முந்தியிருந்தால்? புகார் சொல்ல வந்தவளை அவர் பாவியாக்கினார். வலது கையால் ஆசீர் கொடுத்துக்கொண்டே இடது கையால் கதவைச் சாத்தினார். அந்த இரண்டு சத்தத்துக்கும் நடுவில் ஒரு மூச்சு இடைவெளிதான், அந்த மூச்சுக்குள் ஒரு மனிதனின் முழு வாழ்வும் தலைகீழாகிறது. அவள் கண்ணை மூடினாள். திரை, நீலப் பூப்போட்டது. நாற்காலிக் கையில் ஓர் ஆணி துருத்திக்கொண்டிருந்தது. சேலையில் குழம்புக் கறையைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டிருந்தாள், ஏனென்றால் அப்போதுதான் உள்ளேயிருந்து வந்து உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து. அவள் எதற்கு உள்ளே போனாள்? தூக்குச்சட்டியைக் கொடுக்க. மிக்கேலி முன்னறையில் நிற்கும்போது, மிக்கேலிக்கு முன்னால், அவள்தான் முதலில் உள்ளே போனாள். வெளியே ஏதோ கதவு அடித்துக்கொண்டது. காற்று புறப்பட்டுவிட்டது போலிருக்கிறது. உத்திரத்துக் காகம் ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது. இத்தனை வருடமாக இரண்டு சத்தத்தையும் உருட்டி உருட்டி அவள் விளையாடியதெல்லாம் இந்தத் தூக்குச்சட்டியை மூடி வைக்கத்தானா? அன்று அவள் சட்டியை மேசைமேல் வைத்தாள். அண்ணே, மிக்கேலி வந்திருக்கா, ததேயு விஷயம், கிரகோரி சாமி அவன என்னவோ பண்ணியிருக்காரு, முறையா ஒரு புகார் சொல்லணுங்கா என்று சொன்னாள். சொன்னாள்! முறையா ஒரு புகார் என்றுதான் சொன்னாள். அண்ணன் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை. ஒரு வரியை முடித்து, புள்ளி வைத்துவிட்டு, நிமிராமலே ஒரு கேள்வி கேட்டார். அவள் பதில் சொன்னாள். அவர் ஒரு சொல் சொன்னார். அவள் வெளியே வந்தாள், திரையைத் தூக்கி மிக்கேலியை அனுப்பினாள், உட்கார்ந்தாள். துகில் அப்போது இழுப்பறைக்குள் இருந்தது. இழுப்பறை மூடியிருந்தது. அந்தக் கேள்வி எந்தப் பூட்டுக்குள்ளும் இல்லை. அது வெட்டவெளியில், மேசைமேல், நண்டு குழம்புக்குப் பக்கத்தில் கிடந்தது. முப்பது வருடமாக எடுக்க ஆளில்லாமல் கிடந்தது.

"மத்தில்தா அம்மா, வாங்க," என்று கதவைத் திறந்து கூப்பிட்டார்கள். எழுந்தாள். கிளாரன்ஸ் ஓடிவந்து கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுவிட்டு, நல்லா சொல்லுங்க அத்தை என்றான். நடுவிலிருந்த ரெமிஜியுஸ் சாமி முகமலர்ந்து எழுந்து நின்று ஆண்டகையின் சாயல் அப்படியே இருக்கிறது என்றார். வேதாகமத்தின் மேல் கை வைக்கச் சொன்னார்கள். உண்மையைச் சொல்வேன் என்று முதல் சத்தியம், செய்தாள். இரண்டாவது சத்தியத்தை வாசித்தார்கள்: இங்கே கேட்டதையும் சொன்னதையும் வெளியே யாரிடமும் சொல்லமாட்டேன். அவள் கையை எடுத்துவிட்டாள். ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே முதலில் தெரியவில்லை. சூடான பாத்திரத்திலிருந்து எடுப்பதுபோல எடுத்துவிட்டாள்.

"இது வேண்டாம் சாமி."

எல்லாச் சாட்சிகளும் செய்ததுதான், வெறும் முறைமைக்குத்தான் என்று அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். அது இல்லாமல் சாட்சியம் பதிவில் ஏறாது, ரோமாபுரியில் எடுத்துக்கொள்ளமாட்டார்கள் என்றும் சொன்னார்.

"ஏற வேண்டாம். கேட்டுக்கிட்டா போதும். அந்தக் கதவு திறந்தே இருக்கட்டும், புழுக்கமா இருக்கு," என்றாள்.

வாசலில் கிளாரன்ஸ் போனைக் காதிலிருந்து இறக்கிவிட்டு நின்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை. மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு, வகுப்பில் ஒரு செய்யுளின் பொருளைச் சொல்வதுபோல, மேடு பள்ளமில்லாத குரலில் சொன்னாள். மிக்கேலி உள்ளே வருவதற்கு முன்னால், பாவசங்கீர்த்தனம் என்ற பேச்சே எழாதபோது, புகார் இன்னதென்று தான் அண்ணனிடம் சொன்னதைச் சொன்னாள். "அதுக்கு எங்க அண்ணன் என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. 'இத வேற யாருகிட்டயாவது சொல்லியிருக்காளா?' அப்படின்னு கேட்டாரு. இல்லண்ணே, என்கிட்ட மட்டுந்தான்னேன். 'நல்லது, உள்ள அனுப்பு'ன்னாரு. அதுக்குப் பிறகுதான் இழுப்பறையத் திறந்தாரு."

யாரும் எதுவும் எழுதவில்லை. பக்கத்திலிருந்த இளைய சாமியார் பேனாவை மூடினார், பிறகு திறந்தார். முற்றத்தில் காற்று முழுதாக வந்துவிட்டிருந்தது. வேப்பஞ் சருகுகள் தாழ்வாரம் நெடுக ஓடி வாசற்படியில் வந்து முட்டின. அத்தை என்று கிளாரன்ஸ் மெல்லக் கூப்பிட்டான். ரெமிஜியுஸ் சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, ஆண்டகை அந்தக் கேள்வியை அக்கறையிலும் கேட்டிருக்கலாமல்லவா, பையனுடைய மானத்தைக் காப்பாற்ற நினைத்திருக்கலாமல்லவா என்று கேட்டார். நானும் அப்படி நினைத்துப் பார்த்திருக்கிறேன் என்றாள் மத்தில்தா. அவர் குரலைத் தாழ்த்தி, அந்தப் பையனையே கூப்பிட்டுக் கேட்டால் என்ன, இப்போது அவன் எங்கே இருக்கிறான் என்றார்.

ததேயு இருபத்திரண்டாவது வயதில் ஒரு வள்ளத்தில் மீன்பிடித் தொழிலுக்குப் போனான். அன்று கடலில் காற்றும் இல்லை, அலையும் இல்லை. அவனைத் தவிர, கூடப் போனவர்கள் எல்லோரும் மத்தியானத்துக்குள் கரை சேர்ந்தார்கள்.